வீடு சேராத மெட்டு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: புரொடக்‌ஷன் மேனேஜர். மெயின்டனன்ஸ் தணிகைவேல். எங்கள் லைனில் நாலாவது ஸ்டேஷனில் வேலை பார்க்கும் இசக்கியம்மாள், இடது கை நடுவிரலில் கட்டோடு. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்ற கேன்டீன் கஸ்தூரியக்கா. அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. பியானோவையும் ஒரு ஆளாகச் சேர்க்க வேண்டும் என்று தணிகைவேல் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கேன்டீனை ஒட்டிய சின்ன மீட்டிங் ரூம் அது. இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் பியானோவை வைத்திருந்தோம். மேசைகளுக்கு நடுவில் ஒரு விரல் போகிற அளவு இடைவெளி. வாசிக்கும்போது அவை விலகிப் பியானோ கீழே விழுந்துவிடும் என்று எனக்கு ஒரு கவலை. மேனேஜர் போன் வந்து பாதியில் எழுந்து போய்விடுவார் என்று ஒரு கவலை. போகாமல் முழுசாகக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய கவலை.

"ஆரம்பிங்கம்மா. சரிப்பட்டா பார்ப்போம், சரிப்படலன்னா உங்க லைனுக்கு பஸ்ஸர்தான். லைன்ல மாட்டியிருக்கிற அந்தப் பாட்டுப் பெட்டியக் கழட்டி வேற லைனுக்குக் குடுத்துருவேன்" என்றார் மேனேஜர்.

கார் சீட் பூட்டுகிற கம்பெனியில் பியானோவுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றும். ஷிஃப்ட் பஸ்ஸைத் துரத்திய கதையைப் போன வாரம் எழுதியபோது 'என் பியானோ' என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். ஒரகடத்தில் லைன் வேலை பார்க்கிறவளுக்கு ஏது பியானோ என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலை எங்கள் அம்மாவின் சமையலறையிலிருந்துதான் தொடங்க முடியும்.

காதால் ஓட்டிய படகு

நாங்கள் அப்போது மணிமங்கலம் பக்கம் இருந்தோம். அப்பா ஒரு நாள் தாம்பரத்திலிருந்து ஒரு டிவி கேம் வாங்கிவந்தார். கறுப்புப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். இரண்டில் ஒரு ரிமோட் வந்த வாரமே செத்துப்போனது. மிச்சமிருந்ததை அண்ணன் ஸ்டீபன் கையைவிட்டு இறக்கவே இல்லை. ஆட்டம் அவனுக்கு, சத்தம் எனக்கு என்று ஆனது.

டிவி இருந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு, பாத்திரம் துலக்கிக்கொண்டு இருப்பேன். ஆற்றில் ஒரு படகு போகும், பாலங்களுக்கு அடியில் நுழையும், எண்ணெய் டின் வந்தால் பிடிக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். இதில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம். காதால் பார்த்ததுதான் முழுசும்.

அந்த ஆட்டத்துக்கு நாலு மெட்டு. தொடங்கும்போது ஒன்று, பண்டிகைக் காலை மாதிரி இருக்கும். படகு ஓடும்போது ஒன்று. எண்ணெய் தீரப்போகும்போது ஒன்று. மூழ்கினால் ஒன்று.

"ஸ்டீபன் எப்போ சாப்ட வருவான்டீ?" என்று அம்மா கேட்பார்.

"எண்ணெ தீந்துகினு கீதும்மா. தட்டு வை, வந்துடுவான்."

தட்டு தரையைத் தொடும், அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். "நீ எட்டிப் பாத்தியா?" என்பான். நான் எட்டிப் பார்க்கவே மாட்டேன். தேவைப்படவில்லை.

படகு ஓடும் மெட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். அந்த இடத்துக்கு நானாக வைத்த பெயர் 'வூடு'. வேலைக்குப் போனவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்கிற மாதிரி இருக்கும். எண்ணெய் தீரும் மெட்டு அப்படி இல்லை. வாசல்படி வரைக்கும் வரும். உள்ளே வராது. திரும்பிப் போய் மறுபடி ஓடி வரும். மறுபடியும் வாசல்படி. அதைக் கேட்டால் என் கையில் கத்தி தானாக வேகம் பிடிக்கும். டின் கிடைத்தாலும் சரி, படகு மூழ்கினாலும் சரி, அந்தக் கடைசிச் சத்தம் வந்து சேர்ந்தால் போதும் என்று ஆகிவிடும்.

இதைப் பெரிய ஞானம் என்று நான் அப்போது நினைக்கவில்லை. பயந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் காதில் வாங்கும். அப்பாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அவர் என்ன மனநிலையில் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். டீச்சரின் வளையல், தண்ணி லாரியின் பிரேக், பக்கத்து வீட்டுக் கதவு. என் காதுக்கு லீவே கிடையாது.

அந்தப் பயம்தான் என் படிப்பையும் முடித்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையன்று காலையில் பஸ் ஏறினேன். பள்ளிக்கூட ஸ்டாப் வந்தது, என் கால் எழுந்திருக்கவில்லை. தாம்பரம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். அடுத்த நாளும் போகவில்லை. அதன்பிறகு யாரும் வற்புறுத்தவில்லை. கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

வாஷிங் மெஷின் வாங்கப் போனேன்

எங்கள் பக்கம் கார் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்து குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள், ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமானை எல்லாம் விற்றுவிட்டுப் போவார்கள். என்னென்ன இருக்கிறது என்பது அந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் மூலம் வாட்ஸ்அப்பில் வரும். கட்டில், மைக்ரோவேவ், பிள்ளைகளின் சைக்கிள். அப்படி ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது என்று தெரிந்து, சீட்டு எடுத்த பணத்தோடு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில், சுவர் ஓரமாக, கறுப்பாக நீளமாக ஒன்று நின்றது. அந்த வீட்டம்மா நான் பார்ப்பதைப் பார்த்து, ஸ்விட்சைப் போட்டு, இடது ஓரத்தில் ஒரு கட்டையை அழுத்தினார். அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை. நேராக அடிவயிற்றுக்கு வந்தது. பரீட்சை நாளில் பஸ்ஸில் எழுந்திருக்காத அதே கால் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் இந்த முறை பயத்தால் இல்லை.

நான் வலது பக்கம் ஒரு கட்டையைத் தொட்டேன். பிறகு அடுத்தது. படகு ஆட்டத்தின் முதல் மூன்று சத்தம் அடுத்தடுத்து வந்துவிட்டது. நான்காவதைக் காணோம். அதைக் கண்டுபிடிக்காமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது.

குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினபோது என் வீட்டுக்காரர் வின்சென்ட் வெளியே வந்தார். அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் இப்படித்தான்.

"இன்னா ரெஜி இது? துணி தொவைக்கிற மெஷினுன்னு போனே?"

"பியானோ."

"சரி. இதுல துணிய எந்தப் பக்கம் போடணும்?"

கட்டிலை நகர்த்தி இடம் செய்துகொடுத்தார். துணியை இன்றைக்கும் நாங்கள் கையால்தான் துவைக்கிறோம், அவரும்தான்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது, புத்தகம் வைத்துப் படிக்கத் தைரியமும் கிடையாது. ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்து கட்டைகள்மேல் ஒட்டினேன். வூட்டுக்குச் சிவப்பு. வாசல்படிக்குக் கறுப்பு. சும்மா கடந்துபோகிற இடங்களுக்குப் பச்சை. வியர்வையில் பொட்டு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கம்பெனியில் ஹெல்மெட் போடும்போது, "என்னக்கா, கையில பொட்டு வச்சிருக்கீங்க" என்று கேட்பார்கள்.

அந்த நாலாவது சத்தம் வாரக்கணக்கில் அகப்படவில்லை. இந்தக் கட்டை கொஞ்சம் தாழ்வு, அடுத்த கட்டை கொஞ்சம் உயர்வு. வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் பாட்டுக்கு, கறுப்பு எல்லாம் பெரிய வித்வான்களுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துடைக்கும்போது துணி பட்டு ஒரு கறுப்புக் கட்டை அழுந்தியது. அதுதான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கட்டும் என்று நின்றேன். பாலை நான் பொங்க விட்டது அந்த ஒரு நாள்தான்.

பிறகு எல்லாவற்றிலும் சுருதி கேட்க ஆரம்பித்தது. குக்கர் விசில், வேன் ரிவர்ஸ் போகும் சத்தம், லைனில் சீட் கவருக்கு வளையம் அடிக்கும் கன். எங்கள் ஷெட்டுக்குள் ஆள் இல்லாமல் தானாக ஓடிச் சாமான் கொண்டுவரும் வண்டி ஒன்று உண்டு. அது வருகிறேன் வருகிறேன் என்று ஒரு மெட்டு வாசித்துக்கொண்டே வரும். அதன் வூடு எந்தக் கட்டை என்று வீட்டுக்கு வந்து தேடி, அங்கேயும் ஒரு பொட்டு வைத்தேன்.

அண்ணன் மறைமலை நகரிலிருந்து ஒருமுறை வந்திருந்தான். படகு ஓடும் மெட்டை வாசித்தேன். டீ கிளாஸைப் பிடித்திருந்த இரண்டு கட்டைவிரலும் தாமாக அசைந்தன. "ரெஜி, இப்ப பாலம் வருது, பாத்து" என்றான். அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல். நான் பாலத்தைப் பார்த்ததே இல்லை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஹாஸ்டலிலிருந்து பெண்கள் வருவார்கள். தெற்கத்திப் பெண்கள். எல்லார் போனிலும் ஏதாவது ஒரு ஆட்டம். "எக்கா, இது வராது உங்களுக்கு, பந்தயம்" என்று போனைக் காதருகே பிடிப்பார்கள். இரண்டு தடவை கேட்பேன். மூன்றாவது தடவை கட்டையில் இருக்கும். இடது கையும் சேர்ந்து இருக்கும். இதில் எனக்கு அடக்கம் கிடையாது. எத்தனையோ விஷயத்தில் நான் தலை குனிந்து நின்றிருக்கிறேன். இதில் நிற்க வேண்டியதில்லை.

பாட்டுக்காக நின்ற லைன்

இப்போது கம்பெனிக்கு வருகிறேன். எங்கள் லைனில் தலைக்குமேல் ஒரு மஞ்சள் கயிறு ஓடும். சீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் அந்த ஸ்டேஷனில் இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். சத்தம் வரும், போர்டில் நம்பர் எரியும். டீம் லீடர், அதாவது நான், ஓட வேண்டும். தரையில் ஒரு கோடு போட்டிருக்கும். சீட் அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் சரிசெய்து இரண்டாவது தடவை கயிற்றை இழுத்துவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் நின்றுவிடும்.

முதலில் வெறும் பஸ்ஸர் இருந்தது. பிறகு தணிகைவேல் ஒரு புதுப் பெட்டி பொருத்தினான். "மெமரி கார்டு கீதுக்கா, எந்தப் பாட்டு வேணா போடலாம்" என்றான். லைனில் கைதூக்கச் சொல்லி, எல்லோருக்கும் பிடித்த ஒரு சினிமாப் பாட்டைப் போட்டோம்.

அந்த வாரம் நான் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

"என்ன ஆச்சு?"

"கிளிப் சரியில்லக்கா."

"சரியாத்தானே இருக்கு?"

"அப்படியா? இப்ப சரியாயிருச்சு போலக்கா."

கயிற்றை இரண்டாவது தடவை இழுக்கவும் மாட்டார்கள். பல்லவி முடியட்டும் என்று கன்னைப் பிடித்துக்கொண்டு தலையாட்டி நிற்பார்கள். சீட் கோட்டைத் தாண்டும், லைன் நிற்கும். அந்தக் கூத்தில் இசக்கிதான் தலைவி. ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து சில மாதங்கள்தான். ஆனால் பாட்டு வந்தால் கூடவே பாடுவாள், சரணத்தையும் சேர்த்து. மேனேஜர் ஒரு நாள் பின்னால் வந்து நின்று முழுப் பாட்டையும் கேட்டார். மறுநாள் பஸ்ஸர் திரும்பி வந்துவிட்டது.

அந்த பஸ்ஸரை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. இரும்புக் கதவை யாரோ நம் மண்டைக்குள் இழுத்து மூடுகிற மாதிரி இருக்கும். அது கத்தினால் மொத்த ஷெட்டும் திரும்பி, இழுத்த ஆளைப் பார்க்கும். யாருக்கோ கை போய்விட்டது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்து ஓடுவேன். கொஞ்ச நாளில் கயிறு இழுப்பதே நின்றுபோனது. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று மேலே நினைத்தார்கள்.

ஒரு நாள் கடைசி செக்கிங்கில் ஒரு சீட் கவரில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. நான் லைன் நெடுக ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இசக்கி இடது கையைப் பின்னால் வைத்திருந்தாள். கிளவுஸ் நுனி ஃபிரேமுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. தலைக்குமேல் கயிறு. வலது கை சும்மாதான் இருந்திருக்கிறது. கயிற்றை இழுக்காமல் கையை இழுத்திருக்கிறாள். நடுவிரல் நகம் போய்விட்டது.

"ஏன்டி இழுக்கல?"

"எக்கா, அது கத்துனா எல்லாரும் என்னயத்தான பாப்பாவ? நகந்தான போச்சு. வளந்துரும், விடுங்க."

அவளை ஃபர்ஸ்ட் எய்டில் உட்கார வைத்துவிட்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "சார், பாட்டும் வேணாம், பஸ்ஸரும் வேணாம். நான் ஒன்னு வாசிச்சுக் கொண்டாரேன்" என்றேன். அவர், சனிக்கிழமை வாசித்துக் காட்டச் சொன்னார்.

டூல்ஸ் கணக்கில் போனது

ரெக்கார்டு செய்து கொண்டுவந்தால் போதும் என்று தணிகைவேல் சொன்னான். ஒரு சத்தத்தை மாற்றச் சொன்னால் அப்புறம் என்ன செய்வேன் என்று எனக்குக் கவலை. பியானோவையே வேனில் ஏற்றிவிட்டோம்.

கேட்டில் செக்யூரிட்டி, "இன்னாமா இது, சவப்பொட்டியாட்டம் கீது" என்றார். உள்ளே போகிற சாமானுக்குச் சீட்டு எழுத வேண்டும். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் யோசித்துவிட்டு, டூல்ஸ் என்று எழுதினார். திரும்ப எடுத்துப் போவதற்குப் பொறுப்பு என்று என் பெயர்.

அப்படித்தான் அந்த அறைக்கு வந்து சேர்ந்தோம்.

வாரம் முழுக்க நான் தேடியது அழகான ஒன்றை. படகு ஆட்டத்தின் தொடக்க மெட்டை எடுத்து, இடது கையில் அலை மாதிரி ஒன்று சேர்த்து, மெருகேற்றி வைத்திருந்தேன். அதை வாசித்தேன். ஒரு சத்தம்கூடப் பிசகவில்லை. கஸ்தூரியக்கா தலையை ஆட்டினார். மேனேஜர்கூட முகத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"எக்கா, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் இசக்கி. "இதுக்கு நான் டீ டயத்துலகூட வந்து கயித்த இழுப்பேன்."

மேனேஜர் பேனாவை மேசைமேல் வைத்தார். தணிகைவேல் ஏசியைப் பார்த்தான். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கிவிட்டது. இன்னொரு சினிமாப் பாட்டு. அவ்வளவுதான்.

கதவு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. என் கால் அந்தப் பரீட்சை நாள் பஸ்ஸில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் பியானோவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. விட்டுவிட்டும் ஓட முடியாது, கேட்டில் எழுதிய சீட்டில் என் பெயர். எதிரே இசக்கியின் விரல்கட்டு மேசைமேல் வெள்ளையாக இருந்தது.

கயிறு இழுத்ததும் கோட்டைத் தொடுவதற்குள் ஓட வேண்டும். எண்ணெய் தீர்வதற்குள் டின்னைப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான். ஒரு வாரமாக அது என் மண்டையில் ஏறவில்லை.

"சார், இன்னொன்னு கீது" என்றேன். பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

எண்ணெய் தீரும் மெட்டை எடுத்தேன். அதன் போக்கை மட்டும் வைத்துக்கொண்டு, குட்டியாக, ஒரு கையால். மூன்று படி ஏறி வாசல்படியில் நின்றேன். திரும்பிப் போய் மறுபடி ஏறினேன். வாசல்படி. இன்னொரு முறை. கறுப்புப் பொட்டில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நிறுத்திவிட்டேன்.

மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"முடியலையேம்மா."

"நானா முடிக்க மாட்டேன் சார். சீட்ட சரிபண்ணிட்டு ரெண்டாவது தடவ கயிறு இழுத்தாங்கன்னா அப்ப முடியும்."

கஸ்தூரியக்கா காலி கிளாஸ்களை டிரேயில் அடுக்கி எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "இன்னாமே இது? பாதியில நிறுத்திப்புட்ட? முடிச்சு வுடு. எனக்கு அங்க அரிசி கெடக்குது, போவ முடியல."

நான் முடிக்கவில்லை. கெட்ட எண்ணம்தான். ஆனால் அவர்கள் நாலு பேரும் ஒரே சத்தத்துக்காகக் காத்திருப்பதை என் காது கேட்டது. அது எந்தச் சத்தம் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது.

சிவப்புப் பொட்டை அழுத்தினேன்.

மேனேஜர் பின்னால் சாய்ந்தார். கஸ்தூரியக்கா, "ஆங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இன்னொரு தடவ வாசிங்க" என்றார் மேனேஜர். மெட்டு பாதி போவதற்குள் கையைக் காட்டினார். "போதும், போதும். ரெண்டு தடவ கேக்க முடியல."

"அதான் சார் வேணும்."

அவர் இசக்கியின் பக்கம் திரும்பினார். "இதுக்கு நீ இழுப்பியா?"

அவள் கட்டுப்போட்ட விரலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சும்மாக்காச்சும் இழுக்க மாட்டேன் சார். கேக்கவே ஒரு மாதிரி அரிக்கி." பிறகு சொன்னாள். "கை மாட்டுனா இழுப்பேன்."

ரெண்டு ஃபைல்

அதற்கப்புறம் நடந்தது தணிகைவேலின் கைவண்ணம். "இழுத்தா ஒரு ஃபைல், மறுபடி இழுத்தா ஒரு ஃபைல். அவ்ளோதானேக்கா" என்றான். லைன் ஓடும்போது போட்டுப் பார்த்தோம். கன் சத்தத்தில் என் மெட்டின் அடிப்பகுதி முழுகிவிட்டது. மேலே தூக்கி வாசித்தேன். அங்கே அந்தத் தானாக ஓடும் வண்டியின் மெட்டோடு இடித்தது. இரண்டும் ஒரே வூடு. வண்டி அந்தப் பக்கம் வந்துபோனால் என் மெட்டு தானாக முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. வூட்டை மாற்றி, பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குக் கொண்டுபோனேன். பொட்டுகளை எல்லாம் பிய்த்து மறுபடி ஒட்டினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. "தணிகை, அந்தப் படகு கேம் மெட்டு மாதிரியே இருக்குன்னு எவனாவது கேஸ் போட்டா?"

"நீங்கதான் சத்தத்தையெல்லாம் மாத்திட்டீங்களேக்கா. அதுவுமில்லாம அந்த மஞ்ச கேசட்டே திருட்டு கேசட்டு. எவன் வருவான்?"

இருந்தாலும் எனக்கு ஒரு மாதம் பயம் இருந்தது.

எல்லாம் சரியானபின் வந்த திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் முதலில் இழுத்தது இசக்கிதான். நான் வேறு ஸ்டேஷனில் குனிந்திருந்தேன். தலைக்குமேலிருந்து என் விரல்கள் வாசிப்பது கேட்டது. ஷெட் முழுக்க. ஓடினேன். கவரின் ஓரம் உள்ளே மடங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேரும் பிடித்து இழுத்து நேராக்கினோம். அவள் எக்கிக் கயிற்றை இழுத்தாள். அந்த ஒற்றைச் சத்தம் வந்து உட்கார்ந்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷிஃப்ட் பஸ்ஸில் இப்போது ஒரு விளையாட்டு உண்டு. யாராவது ஒருத்தி அந்த மெட்டை முனகி, வாசல்படியில் நிறுத்திவிடுவாள். "ஏ, முடிச்சுத் தொலை" என்று பஸ்ஸே அலறும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். வல்லம் தாண்டுவதற்குள் பின்சீட்டிலிருந்து யாராவது அந்தக் கடைசிச் சத்தத்தைப் போட்டுவிடுவார்கள். சரியான சுருதியில் போடுவார்கள். ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குக் காது வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு எழுதாத ஒருத்தி சொல்லிக்கொடுத்து வந்தது என்று அந்த நேரத்தில் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நினைத்துக்கொள்வேன்.

மேனேஜர் நல்ல மனிதர். நல்ல யோசனைக்குக் கம்பெனி தருகிற பரிசுக்கு என் பெயரை எழுதி அனுப்பினார். ஆபீஸிலிருந்து திருப்பிக் கேட்டார்கள், இந்த யோசனையால் கயிறு இழுப்பது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று. குறையவில்லை, கூடியிருக்கிறது. பஸ்ஸர் இருந்தபோது நாள் முழுக்க யாரும் தொடாத கயிற்றை இப்போது ஷிஃப்டுக்குப் பல தடவை இழுக்கிறார்கள். கோட்டைத் தொடுவதற்குள் சரிசெய்தும் விடுகிறார்கள். கெட்ட சீட் வெளியே போவது குறைந்துவிட்டது என்று மேனேஜர் பதில் எழுதினார். பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் இழுப்பது கூடினால் நஷ்டம்.

"ஒரே ஒரு மாசம் யாரும் இழுக்காதீங்கன்னு சொல்லுங்கக்கா, காசு வந்துரும்" என்றான் தணிகைவேல்.

நான் அதை லைனில் சொன்னேன், சிரிக்கத்தான். இசக்கி சிரிக்கவில்லை. புது நகம் பாதி வளர்ந்திருந்த விரலை நீட்டி, "போங்கக்கா, நான் இழுப்பேன்" என்றாள். அன்று மதியத்துக்குள்ளேயே இழுத்தாள். ஃபிரேமில் ஒரு போல்ட் குறைந்திருந்தது.

பரிசு இன்னும் வரவில்லை. கம்பெனி எனக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.